சேவகத் தீபம்

1911ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பெர்லின் நகரத்தில் அச்சகம் நடத்திவந்த ஒருவருடைய இல்லத்தில், வருஷந்தோறும் நடப்பதுபோலவே கிறிஸ்துமஸ் மரம் நிறுத்தப்பட்டு, தீபங்கள் ஏற்றப்பட்டு, உறவினருக்கும் வேலைக்காரருக்கும் உரிய பரிசுகள் அதனடியில் அடுக்கப்பட்டிருந்தபோது, அவ்வீட்டின் கடைசிப் புதல்வனான 14 வயதுச் சிறுவனுக்கென்று கறுப்புச் சட்டமிட்ட ஒரு படமும் அங்கே வைக்கப்பட்டிருந்தது. அந்த வீடு யூதர் வீடு; படத்தில் இருந்தவர், யூதருக்கென்று ஒரு தேசம் வேண்டுமென்று முழங்கிய தியோடர் ஹெர்ஸல். ஸியோனிஸத்தில் நீ இவ்வளவு சிரத்தை கொண்டிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று தாய் அன்போடு விளக்கினாள். பிற்காலத்தில் யூத ஞான மார்க்கமாகிய கபாலாவின் மகா பண்டிதராக விளங்கிய கெர்ஷோம் ஷோலெம்தான் அச்சிறுவர். அந்த ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டை விட்டு வெளியே போய்விடுவதை வழக்கமாக்கிக்கொண்டதாக அவர் தம் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

மரத்தடியில் படமாக வந்து சேர்ந்த அந்த ஹெர்ஸலின் வீட்டிலும் ஒரு மரம் நின்றதுண்டு. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி மாலை, வியன்னாவில், தம் குழந்தைகளுக்காக அவர் மரத்தின் தீபங்களை ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், அந்நகரத்து யூதரின் தலைமைக் குருவான ரபி மோரிட்ஸ் கூடெமான் உள்ளே வந்து, அக்காட்சியைக் கண்டு மனம் கலங்கினார். ரபியின் கலக்கத்தை ஹெர்ஸல் பொருட்படுத்தவில்லை. வேண்டுமானால் இதை யூதரின் குளிர்காலத் திருநாளாகிய ஹனுக்காவின் மரம் என்று சொல்லிக்கொள்ளட்டும், அல்லது சூரியனுடைய குளிர்காலத் திருப்பத்துக்கு அடையாளமென்று கொள்ளட்டும் என்ற கருத்தில் அன்றிரவே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இரண்டே மாதங்களில், 1896 பிப்ரவரியில், ‘யூத தேசம்’ என்ற அவருடைய பிரசித்தி பெற்ற நூல் வெளிவந்தது.

இவற்றைப் படிக்கும்போது அந்தத் தாயையோ அந்தத் தகப்பனையோ பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த ஒரு ஜனசமூகத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதவு திறக்கப்பட்டபோது, வெளியே வந்தவர்கள் முதலில் கண்டது அண்டை வீட்டு ஜன்னலில் சுடர்விட்ட மரத்தைத்தான். அந்த வெளிச்சத்தில் தாமும் தம் மக்களும் ஒருநாள் நிற்கலாம் என்ற ஆசை, மனிதனுக்கு இயல்பான ஆசையே அல்லவா? இது ஜெர்மானியருடைய தேசியப் பண்டிகை, யூதராக அல்ல, ஜெர்மானியராகவே இதைக் கொண்டாடுகிறோம் என்று ஷோலெம் குடும்பத்தார் மனப்பூர்வமாக நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குத் தேசம் அளித்த பிரதிபலனை உலகம் அறியும். ஷோலெமின் சகோதரர் வெர்னர் 1940இல் பூகென்வால்டு முகாமில் கொல்லப்பட்டார். மரத்தடியில் பரிசு வைத்த தாய், முதுமையில் ஆஸ்திரேலியாவுக்கு ஓடிப்போய், 1946இல் சிட்னி நகரத்தில் கண்மூடினாள். ஆயினும் நான் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம் அந்தக் கொடுமையன்று. அது நிகழாமலே போயிருந்தாலும் கேட்கவேண்டியிருந்த ஒரு கேள்விதான் என் மனத்தில் இருப்பது: அயலானுடைய புனித தினத்துக்கு முன்னால் ஒரு மனிதன் எவ்விதம் நிற்பது? ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்பதும் தர்மம். தன் பிதிர்கள் ஏற்றிய விளக்கை அணையவிடக் கூடாது என்பதும் தர்மம். இவ்விரண்டும் ஒரே மாதத்தில், ஒரே வீட்டு வாசலில் சந்திக்கும்போது என்ன செய்வது?

முற்காலத்து யூதருக்கு இந்தக் கேள்வி எழவில்லை. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் இரவு அச்சத்தின் இரவாகவே இருந்தது. கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் அதை ‘நித்தல்’ என்று அழைத்தார்கள். லத்தீனில் பிறப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. மற்ற இரவுகளிலெல்லாம் யூத வேதமாகிய தோராவை ஓதுவதைத் தம் உயிர்மூச்சாகக் கொண்டிருந்தவர்கள், அந்த ஓர் இரவில் மட்டும் ஏடுகளை மூடிவைத்துவிட்டு, கதவைத் தாழிட்டு, சீட்டாட்டத்திலும் சதுரங்கத்திலும் பொழுதைப் போக்கினார்கள். யூதரில் ஒரு பக்திப் பிரிவினரான ஹசிதியர் சிலரிடம் இவ்வழக்கம் இன்றும் உண்டு. 1881ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று வார்ஸா நகரத்துத் தேவாலயம் ஒன்றில் நெரிசல் உண்டாகிப் பலர் மாண்டபோது, அதற்கு யூதரே காரணம் என்று வதந்தி கிளம்பி, மூன்று நாட்கள் யூதர் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. வெளியே மணி ஒலிக்க உள்ளே விளக்கைத் தணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மக்களிடம் போய்ச் சமரசத்தைப் பற்றி உபதேசிக்க யாருக்கும் யோக்கியதை இல்லை.

இருந்தபோதிலும், அந்த அச்சத்துக்கெல்லாம் முந்திய காலத்திலேயே, யூத சாஸ்திரமாகிய தால்முட் இந்தக் குளிர்காலப் பண்டிகைகளைப் பற்றி ஓர் ஐதீகத்தைச் சொல்லிவைத்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது. ஆதி மனிதனாகிய ஆதாம், சிருஷ்டிக்கப்பட்ட முதல் ஆண்டில், பகற்பொழுது நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போவதைக் கண்டு திகிலடைந்தான். நான் செய்த பாவத்தினால் அல்லவா உலகம் இருண்டுபோகிறது, மறுபடியும் பாழும் வெறுமையுமாக ஆகப்போகிறது என்று எண்ணி, எட்டு நாட்கள் உபவாசம் இருந்து பிரார்த்தித்தான். சூரியன் திரும்பி, பகல் மீண்டும் நீளத் தொடங்கியதும், இது தண்டனையன்று, உலகத்தின் இயற்கையே இதுதான் என்று தெளிந்து, எட்டு நாட்கள் ஆனந்தமாகக் கொண்டாடினான். மறு ஆண்டு அந்த உபவாச நாட்களையும் கொண்டாட்ட நாட்களையும் ஒருங்கே திருநாட்களாக்கினான். அவன் அவற்றை ஸ்வர்க்கத்தின் பொருட்டு ஏற்படுத்தினான், பின்வந்தோர் விக்கிரகங்களின் பொருட்டுக் கொண்டாடினார்கள் என்று அக்கதை முடிகிறது. ரோமாபுரியின் மார்கழிக் கொண்டாட்டங்களை எங்கிருந்து வந்தன என்று விசாரிக்கப் புகுந்த ரபிமார்கள், அவற்றை வெறும் மூடத்தனமென்று தள்ளிவிடாமல், இருட்டைக் கண்டு நடுங்கிய முதல் மனிதனுடைய கண்ணீர் வரையில் அவற்றின் வேரைத் தேடிச் சென்றார்களே, அந்த உள்ளத்தின் விசாலத்தை என்னென்பது! ஹெர்ஸல் தம் மரத்துக்குச் சமாதானமாகச் சூரியனுடைய திருப்பத்தைச் சொன்னபோது, தம் முன்னோர் அதைவிட ஆழமாக இதே வழியில் சிந்தித்திருந்ததை நினைத்தாரோ இல்லையோ!

இதே தால்முட்டில், விக்கிரக ஆராதனைக்காரருடைய பண்டிகைக்கு முன் மூன்று நாட்கள் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் கூடாதென்ற கண்டிப்பான விதியும் இருக்கிறது. கிறிஸ்தவர்களிடையே வாழ நேர்ந்த யூதருக்கு இவ்விதியை அப்படியே கடைப்பிடிப்பது சாத்தியமாக இல்லை. வியாபாரத்தின் நிர்ப்பந்தத்தால் அதைத் தளர்த்தியவர்கள் பலர். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் பெர்பிஞான் நகரத்தில் வாழ்ந்த மெனாகெம் மெயீரி என்ற ஞானி, நிர்ப்பந்தத்தைப் பேசாமல் தத்துவத்தையே பேசினார். சமய ஒழுக்கத்தின் வரம்புக்குள் வாழும் ஜனங்களைப் பண்டைய விக்கிரக ஆராதனைக்காரரோடு சேர்க்கலாகாது, அந்த விதிகள் இவர்களுக்குப் பொருந்தா என்று அவர் துணிந்து கூறினார். இதற்கும் முன்பே, சமாதானத்தின் வழிகளை முன்னிட்டு, யூத ஏழைகளோடு அயலாருடைய ஏழைகளுக்கும் அன்னமிட வேண்டும், அவர்களுடைய நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும், அவர்களுடைய பிரேதங்களை அடக்கம் செய்ய வேண்டும் என்று தால்முட் விதித்திருந்தது. அயலானோடு சேர்ந்து தொழு என்று அது சொல்லவில்லை. அவனுக்குப் பசி என்றால் போ, நோய் என்றால் போ, சாவு என்றால் போ என்று சொன்னது. இந்த வேற்றுமையைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதரிடம் இந்தப் பிரச்னை வேறோர் உருவத்தில் வந்தது. அங்கே மரம் யாரையும் வற்புறுத்தவில்லை. வா என்று புன்னகையோடு அழைத்தது. ருஷ்ய சாம்ராஜ்யத்தில், ஜெபாலயத்தில் பாடும் ஒருவருடைய மகனாக 1888இல் பிறந்து, ஐந்து வயதில் நியூயார்க் வந்து சேர்ந்த இர்விங் பெர்லின் இயற்றி, 1942இல் ஒரு திரைப்படத்தின் மூலம் பரவிய ‘வெண்பனிக் கிறிஸ்துமஸ்’ என்னும் பாட்டு, கிறிஸ்தவ உலகமெங்கும் பாடப்படுகிறது. அதில் பனி உண்டு, மரம் உண்டு, குழந்தைகள் உண்டு, இழந்த வீட்டின் ஏக்கம் உண்டு. பெத்லெகேமில் பிறந்த குழந்தை இல்லை. கத்தோலிக்க மங்கையொருத்தியை மணந்திருந்த பெர்லினுக்கு, 1928ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, பிறந்து ஒரு மாதங்கூட ஆகாத ஆண்குழந்தை இறந்துபோயிற்று. அந்தத் துக்கத்தை உள்ளே புதைத்துக்கொண்டு, தம் பெண்களுக்காகவே பெற்றோர் அந்நாளைக் கொண்டாடி வந்ததை மகள் ஒருத்தி எழுதியிருக்கிறாள். அந்தப் பாட்டின் மெல்லிய சோகத்தைக் கேட்கும்போது, பிறர் பண்டிகையை அலங்கரித்துக் கொடுத்த ஒரு மனிதன் தன் வீட்டு மரத்தடியில் தன் இறந்த குழந்தையைத் தேடியிருப்பானோ என்று எனக்குத் தோன்றும்.

மற்ற யூதர்கள் பலர், கடைகளெல்லாம் அடைத்துக் கிடக்கும் அந்த நாளில், தம்மைப் போலவே அந்தப் பண்டிகைக்கு அந்நியராக இருந்த சீனருடைய போஜனசாலைகளுக்குப் போனார்கள். சீனச் சமையலில் பால் சேராது. ஆகையால் மாமிசத்தையும் பாலையும் கலக்கலாகாதென்ற யூத ஆசாரத்துக்கு அது ஓரளவு இசைந்தும் இருந்தது. இப்போதோ, கலப்பு விவாகங்களால் ஒரே வீட்டுக்குள் இரண்டு சமயங்கள் வாழ்கின்றன. 2000க்குப் பின் மணம்புரிந்த அமெரிக்க யூதரில் நூற்றுக்கு 58 பேர் யூதரல்லாதவரை மணந்திருப்பதாகவும், தம் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் இருந்ததென்று நூற்றுக்கு 32 பேர் கூறியதாகவும் பியூ ஆராய்ச்சி நிலையம் 2013இல் வெளியிட்ட கணக்குத் தெரிவிக்கிறது. தாய்வழிப் பாட்டி வைத்த மரத்தைக் குழந்தையின் கண்ணிலிருந்து மறைக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்த வீடுகளுக்குப் பொதுவிதி செய்யப் புறப்படுவதும் அன்பில்லாத காரியமென்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே மாதத்தில் வரும் ஹனுக்காவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சிரிய மன்னன் அந்தியோகஸ் யூதருடைய ஆசாரங்களைத் தடைசெய்து, எருசலேம் ஆலயத்தை அசுத்தப்படுத்தியபோது, மக்கபேயர் என்னும் வீரக் குடும்பத்தார் எதிர்த்துப் போராடி, கி.மு. 164இல் ஆலயத்தை மீண்டும் பிரதிஷ்டை செய்ததை நினைவுகூரும் எட்டு நாள் திருநாள் அது. ஒரு நாளுக்கே போதுமான தூய எண்ணெய் எட்டு நாட்கள் எரிந்ததென்பது தால்முட் கூறும் அற்புதம். பஸ்கா போன்ற பெருந்திருநாட்களுக்கு முன் இது சிறிய பண்டிகையே. கிறிஸ்துமஸுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்ததால்தான் பரிசுகளும் ஆரவாரமுமாக இவ்வளவு பெரிதாகிவிட்டது. அயலாரைப் போல் ஆகமாட்டோம் என்றவர்களின் திருநாள், அயலாருடைய திருநாளின் சாயலில் வளர்ந்துவிட்டதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆயினும் விளக்கு மாறவில்லை. முதல் நாள் எட்டுத் தீபம் ஏற்றிப் பிறகு குறைத்துக்கொண்டே வரவேண்டுமென்று பண்டைய யூத ஆசான் ஷம்மாயின் சீடர்களும், ஒன்றில் தொடங்கி நாளுக்கொன்றாகக் கூட்ட வேண்டுமென்று மற்றோர் ஆசான் ஹில்லேலின் சீடர்களும் வாதிட்டார்கள். புனிதத்தில் ஏறவேண்டுமேயன்றி இறங்கலாகாதென்ற ஹில்லேலின் கொள்கையே நின்றது. அற்புதத்தை உலகறியச் செய்வதற்காக விளக்கை வாசலிலோ ஜன்னலிலோ வைக்க வேண்டும்; ஆபத்துக் காலமானால் மேஜைமேல் வைத்தால் போதும். எல்லாவற்றிலும் நுட்பமான விதி ஒன்று உண்டு. அந்தத் தீபங்கள் பார்ப்பதற்கே உரியவை. அவற்றின் வெளிச்சத்தில் படிக்கவோ, எழுதவோ, வேறெந்தப் பயனும் அடையவோ கூடாது. ஆகவே ஒன்பதாவதாக ஒரு தீபம், சற்று உயரத்தில் அல்லது ஒதுங்கி, தனியே நிற்கிறது. அதற்கு ‘ஷமாஷ்’, அதாவது சேவகன், என்று பெயர். அதைக் கொண்டே மற்றவற்றை ஏற்றுகிறார்கள்; அது கணக்கில் சேர்வதில்லை.

மரத்துக்கு அருகில் ரபியை வரவேற்ற ஹெர்ஸல், இரண்டு ஆண்டுகள் கழித்து, 1897 டிசம்பரில், ‘மெனோரா’, அதாவது விளக்கு, என்று ஒரு சிறுகதை எழுதினார். தன் மூலத்தை மறந்திருந்த கலைஞன் ஒருவன், தன் குழந்தைகளுக்காக அந்த விளக்கை மீண்டும் ஏற்றத் தொடங்கி, நாளுக்கொரு சுடராக அது நிறைவதைக் கண்டு, ஒளிக்குச் சேவகனாக இருப்பதைக் காட்டிலும் மேலான பதவி இல்லையென்று உணர்வதாகக் கதை முடிகிறது. ஷமாஷின் பொருளை அவர் தம் ஜனத்தை முன்னிட்டுக் கண்டார். நான் அதையே அயலானை முன்னிட்டும் காணலாமென்று எண்ணுகிறேன்.

இதற்கு எனக்குத் துணை நிற்பவர் யூதத் தத்துவஞானியான பிரான்ஸ் ரோஸென்ஸ்வைக். 1913ஆம் ஆண்டு ஜூலையில், லைப்ஸிக் நகரத்தில் நண்பரோடு இரவு முழுவதும் தர்க்கித்து, கிறிஸ்தவராகிவிடுவதென்று முடிவு செய்தவர் அவர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: யூதனாகவே நின்று அதற்குள் புகவேண்டுமென்பது. அக்டோபரில் பெர்லினில் ஒரு சிறு ஜெபாலயத்தில் பாவநிவாரண தினத்தின் உபவாச வழிபாட்டில் இருந்தார். அம்மாத முடிவில், யூதனாகவே இருக்கப்போவதாக உறவினருக்கு எழுதினார். குமாரன் வழியாகவன்றி ஒருவனும் பிதாவிடம் வருவதில்லை என்பதை அவர் மறுக்கவில்லை. ஏற்கெனவே பிதாவிடத்தில் இருப்பவனுக்கு வரவேண்டிய தூரமே இல்லையே என்றுதான் சொன்னார். 1921இல் வெளிவந்த ‘மீட்பின் நட்சத்திரம்’ என்ற நூலில் யூத சமயத்தை நட்சத்திரத்தின் நடுவே எரியும் நெருப்பாகவும், கிறிஸ்தவத்தை அதிலிருந்து உலகெங்கும் செல்லும் கதிர்களாகவும் வருணித்தார். ஒன்று மற்றொன்றாக மாறினால் இரண்டுமே கெடும். அயலானுடைய சமயத்தை உண்மையென்று மதிப்பதற்கு அதில் கலந்துவிட வேண்டியதில்லை என்பதை இவ்வளவு கௌரவமாகச் சொன்னவர் வேறொருவரை நான் அறியேன்.

இது வெறும் மரந்தானே, வெறும் பாட்டுத்தானே, இதில் சமயம் எங்கே இருக்கிறதென்று சொல்பவன், தன் விளக்கை மறந்ததோடு நிற்கவில்லை. மண்டியிட்டு அந்தக் குழந்தையைத் தொழும் கிறிஸ்தவனிடமிருந்தும் ஒன்றைப் பறித்துவிடுகிறான். அவனுக்குத் தெய்வம் மனிதனாக வந்த இரவு அது. அதை அலங்காரமென்று சொல்வது சிநேகமாகாது. யூதன் அந்தக் குழந்தையைத் தெய்வமென்று ஏற்பதில்லை. ஆனால் அது யூதத் தாயின் வயிற்றில் பிறந்து, எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்விக்கப்பட்ட குழந்தை என்பதையும், வளர்ந்தபின் குளிர்காலத்தில் ஆலய பிரதிஷ்டைப் பண்டிகையின்போது, அதாவது ஹனுக்காவின்போது, எருசலேம் ஆலயத்து மண்டபத்தில் உலாவியதாக யோவானின் சுவிசேஷம் சொல்வதையும் அவன் மறக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும், கிறிஸ்துமஸ் இரவில் கிறிஸ்தவத் தோழர்கள் வீடு செல்லவேண்டுமென்பதற்காக, யூத வைத்தியர்களும் தாதிமாரும் தாமாகவே கேட்டு ஆஸ்பத்திரி முறையை ஏற்றுக்கொள்கிறார்கள். ஏழைகளுக்கு உணவு வழங்கும் கூடங்களில் யூதக் குடும்பங்கள் போய்ப் பரிமாறுகின்றன. அவர்கள் அந்தப் பண்டிகையைக் கொண்டாடுவதில்லை. அது நடக்கும்படி செய்கிறார்கள். சாஸ்திரம் சொன்ன பசியும் நோயும் அங்கே இருக்கின்றன, அவர்களும் அங்கே இருக்கிறார்கள். எட்டுச் சுடர்களுக்கு அருகில், கணக்கில் சேராமல், கையில் நெருப்போடு நிற்கும் அந்த ஒன்பதாவது தீபத்தை நான் அவர்களிடத்தில் காண்கிறேன்.

அந்தச் சேவகம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே விதிக்கப்பட்டதன்று. 1931ஆம் ஆண்டு ஹனுக்காவின்போது, ஜெர்மனியின் கீல் நகரத்தில், ரபியின் மனைவியான ராஹெல் போஸ்னர் தம் ஜன்னலில் இருந்த விளக்கைப் புகைப்படம் எடுத்தார். தெருவுக்கு எதிர்ப்புறத்துக் கட்டடத்தில் நாஜிகளின் கொடி தொங்குவது அப்படத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆபத்துக் காலம், மேஜைமேல் வைத்திருக்கலாம், ஜன்னலிலேயே வைத்தார். குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியபோது விளக்கும் கூடவே போயிற்று. எருசலேமில் யாத் வஷேம் நினைவகத்தில் இருக்கும் அது, ஆண்டுதோறும் அந்த எட்டு நாட்களுக்கு மட்டும் சந்ததியாரிடம் சென்று ஏற்றப்படுகிறது. அன்று எதிர்ப்புறத்து ஜன்னல்களில் ஒன்றிலாவது ஒரு கிறிஸ்தவர் அதற்குத் துணையாக ஒரு தீபத்தை வைத்திருந்தால் என்று எண்ணாமல் அந்தப் படத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.

1993 டிசம்பரில், அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊரில், யூதச் சிறுவன் ஒருவனுடைய அறை ஜன்னலில் ஹனுக்கா விளக்கின் உருவம் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டு எவனோ செங்கல்லை வீசினான். கண்ணாடி உடைந்தது, சிறுவன் அப்போது அறையில் இல்லை. விளக்கை ஜன்னலிலிருந்து எடுத்துவிடும்படி தாய்க்கு ஆலோசனை சொல்லப்பட்டது. எடுத்துவிட்டால் பிள்ளைக்கு என்ன காரணம் சொல்வேன் என்று அவள் கலங்கினாள். யூதக் குடும்பங்கள் மிகச் சிலவே வாழ்ந்த ஊர் அது. தேவாலயங்களில் விளக்கின் படத்தைப் பிரதி எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஊர்ப் பத்திரிகையாகிய ‘பில்லிங்ஸ் கெஸட்’ ஒரு முழுப் பக்கத்தில் அப்படத்தை அச்சிட்டது. ஜனங்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்தார்கள். கல்லெறிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜன்னலில் அதை ஒட்டிய கிறிஸ்தவர் சிலரும் தாக்குதலுக்கு ஆளானார்கள். அதன் பிறகும் படங்கள் பெருகினவேயன்றிக் குறையவில்லை. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது, பில்லிங்ஸ் நகரத்தின் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ இல்லங்களில், தத்தம் பண்டிகை அலங்காரங்களுக்கு நடுவே, தெருவில் போகிறவர் பார்க்கும்படியாக ஜன்னல் கண்ணாடியில், செய்தித்தாளில் அச்சான ஒன்பது சுடர்கள் ஒட்டப்பட்டிருந்தன.